இரண்டு மில்லி

முதலில் கிழிந்துபோன ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வக்கீலம்மாவுக்கு ஒரு அண்ணனும் தங்கையும் செய்துகொடுத்த மேஜையில் ஒயர்களை உள்ளே விடுவதற்கு ஒரு துவாரம், துவாரத்துக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பித்தளைப் பட்டைக் கீல். அந்தக் கீலின் கணு மேலே துருத்திக்கொண்டிருந்ததில், ஆறு பேர் கையெழுத்துப் போட்டு முடித்த தாள் மாட்டிச் சரக்கென்று கிழிந்தது. அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று வாரம் ஆகிறது.

கீலைத் தேர்ந்தெடுத்தவன் அண்ணன். பதித்தவள் தங்கை. "நீ வாங்கினது மட்டமான கீல்" என்றாள் இவள். "நீ பதிச்சது மட்டமான வேலை" என்றான் அவன். அதற்கப்புறம் இருவரும் பரிமாறிக்கொண்டதை அச்சில் ஏற்றினால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பத்திரிகையை வைத்துக்கொள்ள முடியாது. விடுங்கள்.

இருவருக்கும் அப்பா விட்டுப்போனது ஒரு மரப்பட்டறை. முன்கூடத்தில் அண்ணன், பின்கொட்டகையில் தங்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலிஷ் அறை. அந்த அறையில் அண்ணனின் மனைவி. மரம் இறக்க வருகிற நரைத்த தலைக்காரர்கள்கூட அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு மரத்தைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒருநாள் துணியை எடுத்து ஒரு பலகையைத் துடைத்தாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கு அவள் பாலிஷ் போட்ட பலகையில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது. பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருக்களித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் தேய்ப்பாள். அந்த ஒரு ஜன்னல்தான் அவளுடைய சொத்து என்று வையுங்கள்.

போன திங்கட்கிழமை அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? நூலில் நீலப் பொடி தடவி, பட்டறையின் குறுக்கே இழுத்துப் பிடித்து, தரையில் படீரென்று ஒரு கோடு அடித்தான்.

"வக்கீலம்மாவுக்குப் பதிலுக்குச் செய்யற இந்தப் புது மேஜையாவது ஒழுங்கா வந்தா வந்தது. இல்லைன்னா இந்தக் கோட்டுல சுவர். அவ பாடு அவளுக்கு, என் பாடு எனக்கு."

கோடு பாலிஷ் அறையை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. ஜன்னல் அந்தப் பக்கம். அண்ணியின் டப்பாக்களும் துணிகளும் இருக்கிற அலமாரி இந்தப் பக்கம். வெளிச்சமில்லாமல் பாலிஷ் போடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவதும் ஒன்றுதான். அப்பன் சொத்தைப் பிரிக்கிறவர்கள் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள். வந்தவளை யார் கேட்டார்கள்? சுவர் எழும்பினால் தன் கைத்தொழில் போயிற்று என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இந்த மேஜை சரியாக வந்தே ஆகவேண்டும். அதற்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

செய்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

இன்றைக்குக் காலையில் கடை திறந்தவுடனே வக்கீலம்மா போன் பண்ணிவிட்டார்.

"மேல ஒரு பொட்டு உலோகம் தெரியக் கூடாது. தாளை இந்த ஓரத்துல தள்ளினா அந்த ஓரம் வரைக்கும் வழுக்கிட்டுப் போகணும். பாலிஷுக்கு முன்னாடி மூடி உட்கார்ந்திருக்கறதை நான் என் கண்ணால பார்க்கணும். நாலு மணிக்கு வரேன்."

"வாங்கம்மா, தயாரா இருக்கும்" என்றான் அண்ணன். போனை வைத்ததும் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அவன் எதிரே மேஜைப் பலகை முக்காலிகள் மேல் கிடந்தது. பக்கத்தில் மூன்று சின்னப் பொட்டலங்கள். மூன்றும் வெளியே தெரியாத கீல்கள், மூன்று விதம்.

"போய் உன் நாத்தனார்கிட்ட சொல்லு. உருளைக் கீல் போடறேன்னு. கேக்காத. சொல்லு."

அண்ணி நீலக் கோட்டைத் தாண்டிப் பின்கொட்டகைக்குப் போனாள். தங்கை மூடிப் பலகையைப் பட்டறை மேஜையில் இறுக்கிவைத்துக்கொண்டு நின்றாள். மேஜைப் பலகையிலிருந்தே அறுத்தெடுத்த துண்டு அது. மரத்தின் ரேகை பலகையிலிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து பலகைக்கு என்று முறியாமல் ஓடவேண்டும் என்பதற்காக.

"உருளையா? எதுக்கு?" தங்கை நிமிரக்கூட இல்லை. "ஊசிக் கீல் போதும்னு சொல்லுங்க. மூடியோட ரெண்டு பக்கமும் ஒரு ஊசி, வேலை முடிஞ்சுது. உருளைக்கு எதிரும் புதிருமாத் துளை போடணும். அவனுக்கு நேரா ஒரு துளை போட வருமா அண்ணி? அப்பா இருந்தவரைக்கும் அவனைத் துளைப்பான் பக்கமே விட்டதில்லை. விட்டிருந்தா இந்தப் பட்டறையே சல்லடையாப் போயிருக்கும். இதை அப்படியே போய்ச் சொல்லுங்க."

அண்ணி போனாள். அப்படியே சொல்லவில்லை.

"ஊசிக் கீல்தான் சுலபம்னு நினைக்கறா. உங்களுக்கு வீண் சிரமம் வேண்டாமேன்னு."

"எனக்கு சிரமமா?" என்று எகிறினான் அண்ணன். "ஊசி போட்டா பின் விளிம்பை உருட்டணும். உருட்டினா இடைவெளி விழும். அதுல தாள் மாட்டும். ஒரு தடவை கிழிச்சது பத்தலையா அவளுக்கு? அந்த வக்கீலம்மா வந்து நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துக் கிழிக்கறவரைக்கும் அவ அடங்கமாட்டா. அறிவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே! போய்ச் சொல்லு."

அண்ணி போய், "இடைவெளி விழுமேன்னு யோசிக்கறார்ம்மா" என்றாள்.

நியாயத்தைச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி. உருளைக் கீல் என்பது விரல் தடிமனில் இரண்டு பித்தளை உருளைகள், நடுவே மடங்குகிற தகடுகள். ஒரு உருளை மூடியின் விளிம்புக்குள் போய்விடும், மற்றது பலகையின் விளிம்புக்குள். மூடிவிட்டால் கீல் இருக்கிற இடமே தெரியாது. தங்கைக்கும் அது தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வாய் வராது.

மூன்றாவதாக இருந்தது அலமாரிக் கதவுக்குப் போடுகிற கிண்ணக் கீல். அதன் கை, மேஜைக்கு அடியில் ஒயர் வருகிற இடத்தையே அடைத்துக்கொள்ளும். அதை இருவருமே பார்த்தவுடன் ஒதுக்கினார்கள். மூன்று வாரத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், அதுவும் ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"சரி, உருளையே போட்டுத் தொலைக்கட்டும்" என்றாள் தங்கை. "என்னமோ இவனே கீலைக் கண்டுபிடிச்ச மாதிரி பீத்திக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"சரின்னுட்டா" என்றாள் அண்ணி முன்கூடத்தில்.

இப்படித்தான் மூன்று வாரமாக. அங்கே கொடுக்கிற அமிலத்தை இங்கே வந்து தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பூசி மெழுகி, ஒருவர் மேல் ஒருவர் பாயாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை என்ன? "என்ன, தூதுவர் வந்தாச்சா?" என்பாள் நாத்தனார். "அவ ஊதினதுக்கெல்லாம் நீ ஏன் ஆடற?" என்பான் கட்டியவன். நல்லது செய்கிறவளுக்கு ரெண்டு பக்கமும் வசவு. என்னைக் கேட்டால் முதல் வாரத்திலேயே உதறிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவள் என்னைக் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு அந்தச் சமாசாரம் வந்தது.

அதற்கு முன்னால் இந்தப் பட்டறையின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே துளைக்கான அளவை எப்போதும் பலகையின் அடிப்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். மேல்பக்கம் இழைக்க இழைக்கக் குறையும், அடிப்பக்கம் யாரும் தொடாமல் அப்படியே இருக்கும் என்பது அப்பா வகுத்த முறை. மற்ற பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். இவர்கள் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பலகை இருபத்தெட்டு மில்லி கனம். துளையின் நடு அடியிலிருந்து பதினாலு. பலகையிலும் பதினாலு, மூடியிலும் பதினாலு. இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணி, மூடி வளைஞ்சிருந்தது. மேல தொட்டா ரேகை கெட்டுடும். அதனால அடியில ரெண்டு மில்லி இழைச்சு எடுத்துட்டேன். அதுக்குத் தக்கபடி துளையையும் ரெண்டு மில்லி இறக்கி, பன்னிரண்டுல போட்டாச்சு. அந்த மேதாவிகிட்ட சொல்லுங்க. அவன் பக்கம் பழைய அளவுலயே போடட்டும். நடுவுல தன் மூளையை நுழைக்க வேண்டாம். அது நுழைஞ்ச இடமெல்லாம் நாறிப்போச்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்தது என்று சொன்னவளுக்குத் துளைக் கணக்கு புரியவில்லை. அவள் பாலிஷ்காரி. அவளுக்குப் புரிந்ததெல்லாம் இந்தப் பேச்சு முன்கூடத்துக்குப் போனால் ரகளை என்பதுதான். நடையில் வரும்போதே களையெடுக்க ஆரம்பித்தாள். மேதாவி வேண்டாம். மூளை வேண்டவே வேண்டாம். நாறினது வேண்டாம்.

அண்ணன் துளைப்பானை மாட்டிக்கொண்டு நின்றான். எரிச்சலில் நெற்றியெல்லாம் வேர்வை.

"மூடி வளைஞ்சிருந்துதாம். அடியில ரெண்டு மில்லி இழைச்சிருக்கா" என்று ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டு இழைச்சா?" அவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அடியைத் தொடக் கூடாதுன்னு அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார்! அவளுக்குன்னு ஒரு சட்டமா? இவ இழைப்பாளாம், நான் இங்க உட்கார்ந்து சரிக்கட்டணுமாம். வேற என்ன சொன்னா?"

இங்கேதான் ஒரு நிமிஷம். 'பழைய அளவிலேயே போடுங்க' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் நிற்கிற நிலையில், தங்கச்சி தனக்கு உத்தரவு போடுகிறாள் என்று துளைப்பானைத் தூக்கிக் கடாசிவிடுவான் என்று அண்ணிக்குத் தோன்றியது. கடாசினால் மேஜை இல்லை. மேஜை இல்லையென்றால் சுவர். வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"அவ்வளவுதான்" என்றாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே பென்சிலை எடுத்தான். மூடி இரண்டு மில்லி மெலிந்திருக்கிறது. துளையை அவள் வழக்கம்போல் பதினாலில்தான் போட்டிருப்பாள். அப்படியானால் மூடி இரண்டு மில்லி பள்ளமாக உட்காரும். சரிக்கட்ட வேண்டுமென்றால் பலகையின் துளையை இரண்டு மில்லி ஏற்றவேண்டும். பதினாறு. கோடு கிழித்தான், துளைத்தான். நேரான, சுத்தமான துளை. அந்த விதத்தில் தங்கை சொன்னது பொய்.

அவள் இறக்கியது போதும். இவன் ஏற்றியதும் போதும். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் மூடி பலகையோடு பலகையாகப் படிந்திருக்கும். இரண்டும் நடந்துவிட்டது.

மூன்று மணிக்கு அண்ணி மூடியை ஏந்திக்கொண்டு வந்தாள். தங்கை கோட்டைத் தாண்டி வரமாட்டாளே. அண்ணன் உருளைகளைச் செருகி, திருகாணியை முடுக்கி, மூடியை மெல்ல இறக்கினான். பக்கவாட்டில் மயிரிழை இடைவெளி. ரேகை பலகையிலிருந்து மூடிக்கு ஓடி மறுபக்கம் ஏறியது. அண்ணிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இந்த மரத்துக்கு எத்தனை பூச்சு, எந்தத் துணி என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் உள்ளங்கையால் தடவினான். கை நின்றது. மறுபடி தடவினான். ஒரு தாளை எடுத்துப் பலகை மேல் வைத்துத் தள்ளினான். தாள் வழுக்கிக்கொண்டு போய் மூடியின் விளிம்பில் முட்டி, மடங்கி நின்றது.

மூடி இரண்டு மில்லி தூக்கிக்கொண்டிருந்தது.

"வரச் சொல்லு அவளை!"

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, தெருக்கோடிவரை கேட்டிருக்கும். தங்கை வந்து பாலிஷ் அறையில் நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அண்ணன் இந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் ஆறடி. அந்த ஆறடிக்கும் அண்ணிதான் தபால்காரி.

"எத்தனைல போட்டான்னு கேளு."

"பன்னிரண்டுன்னு சொல்லுங்க. அதான் காலையிலயே சொல்லி அனுப்பினேனே. அவன் எத்தனைல போட்டான்னு கேளுங்க."

"பதினாறு! துளையையும் இறக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்? வேணும்னே பண்ணியிருக்கா. வக்கீலம்மா முன்னாடி என் மூஞ்சியில கரியைப் பூசணும்னே பண்ணியிருக்கா!"

"நான் சொல்லலையா? அடப்பாவி! பழைய அளவுலயே போடுன்னு தெளிவா சொல்லி அனுப்பினேன். செய்யறதையும் செஞ்சுட்டு பழியை என் தலையில கட்டறான் பாருங்க அண்ணி. இவனெல்லாம் ஒரு மனுஷன்!"

"பொய்! ஒரு வார்த்தை வரலை எனக்கு. நாளைக்கே செங்கல் இறங்குது. இவளோட ஒரே கூரையில இனிமே..."

"இறக்கு! யாரு வேண்டாம்னா?"

அண்ணி நடுவில் நின்றாள். கோடு அவள் காலடியில் ஓடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி நாத்தனார் மேல் விழும், சுவர் வரும். வாயைத் திறந்தால் தன் மேல் விழும், ஆனால் ஒருவேளை சுவர் நிற்கும்.

"சொன்னா" என்றாள் கணவனிடம். "அவ சொன்னா. பழைய அளவுல போடச் சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்லலை."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஏன்?" என்றான் அவன்.

"திட்டி சொன்னா. திட்டை எடுத்தேன். அதோட இதுவும் போயிடுச்சு. நீங்க கோவிச்சுக்கிட்டு துளைப்பானை வீசிடுவீங்களோன்னு..."

"திட்டை எடுத்தியா?" அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "இன்னிக்கு மட்டுமா? இல்லை..."

"மூணு வாரமா."

தங்கை கோட்டின் விளிம்புவரை வந்தாள்.

"அப்ப நான் அன்னிக்கு சொன்னது? அப்பா பேரைக் கெடுக்க வந்தவன்னு சொல்லச் சொன்னேனே?" என்றாள் தங்கை.

"சொல்லலை."

"நான், அவ உளியைத் தூக்கி ஆத்துல போடச் சொன்னேனே?" என்றான் அண்ணன்.

"அதையும் சொல்லலை."

அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கைப்பொருளைத் திருட்டுக் கொடுத்தவன் மாதிரி நின்றான். "இவ்வளவு திட்டியும் இவளுக்கு உறைக்கவே இல்லையேன்னு மூணு வாரமா வயிறு எரிஞ்சுட்டிருக்கேன்! ஒண்ணுகூடப் போய்ச் சேரலையா?"

"எனக்கும் அதே கதைதான்" என்றாள் தங்கை. பிறகு, மூன்று வாரத்தில் முதல் முறையாக, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "அண்ணா, பார்த்தியா இவங்க பண்ணின வேலையை?"

"பார்த்தேன்."

"நம்ம சண்டையை நாமளே போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நடுவுல நின்னு இவங்க என்ன ஆட்டம் ஆடியிருக்காங்க பாரு."

"அதைச் சொல்லு. நீ பதினாலுல போட்டிருப்பேன்னு நினைச்சு நான் பதினாறுக்குப் போனேன். இது ஒரு வேலையா? சொன்னதைச் சொன்னபடி சொல்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"உன் துளை சுத்தமாத்தான் இருக்கு. குத்தம் சொல்ல முடியாது."

"உன் மூடியும்தான். பக்கவாட்டுல காத்து போகாது."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசுகிறார்கள்! எந்த நாளுக்காக இத்தனை நாள் ஏச்சும் பேச்சும் வாங்கினாளோ அது கண்ணெதிரே நடக்கிறது. சிரிக்கத்தான் வேண்டும். சிரிக்கப்போனாள்.

"சுவரெல்லாம் எதுக்குண்ணா?" என்றாள் தங்கை. "நமக்குள்ள என்ன தகராறு? நடுவுல ஆள் இருக்கறதுதான் தகராறு. பாலிஷை வெளியில குடுத்துக்கலாம். பாதிப் பட்டறைக்காரங்க அப்படித்தான் பண்றாங்க. இந்த அறையைக் காலி பண்ணிட்டா ஜன்னல் ஓரமா புது ரம்பம் போட்டுக்கலாம்."

கட்டியவன் 'என்ன பேசற நீ' என்று ஒரு அதட்டல் போடுவான் என்று அண்ணி காத்திருந்தாள். அவன் அறையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். அலமாரியில் இருந்து சுவர்வரை காலடியால் அளந்துகொண்டு நடந்தான். மனைவியைக் கடந்து போகும்போது, வழியில் இருக்கிற முக்காலியை ஒதுக்குகிற மாதிரி தோளில் கைவைத்து அவளை ஒதுக்கினான்.

"பத்தடி இருக்கும்" என்றான். "தாராளமா உட்காரும்."

"ஏங்க" என்றாள் அண்ணி. "அப்ப நான்?"

"நீ வீட்டுல நிம்மதியா இரேன். இந்தப் புழுதியில உனக்கு என்ன கிடக்கு?"

அண்ணிக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். பன்னிரண்டு வருஷம் இந்தப் பட்டறையை விட்டு வெளியே போன ஒவ்வொரு மேஜையின் மேலும், ஒவ்வொரு கதவின் மேலும் கடைசியாகப் பட்ட கை அவளுடையது. அதைக் காலடியால் அளந்து பத்தடி என்று முடித்துவிட்டான். அவளுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மணி நாலு.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துளையை அதே மரத்துண்டால் அடைத்து, பசை காயவிட்டு, மறுபடி துளைக்க முழுதாக இரண்டு நாளாவது ஆகும். இன்றைக்குக் காட்ட ஒன்றுமில்லை.

"நீ போய்ச் சொல்லு" என்றான் அண்ணன் மனைவியிடம். "மரம் ஈரம் இழுத்துக்கிச்சு, ரெண்டு நாள் காயணும்னு."

"ஆமா அண்ணி" என்றாள் தங்கை, சின்னதாக உதட்டைக் கோணிக்கொண்டு. "நாசூக்கா சொல்லுங்க. உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே."

அண்ணி இடுப்பில் கட்டியிருந்த பாலிஷ் துணியை அவிழ்த்தாள். அலமாரி மேல் போட்டாள். வாசலுக்கு நடந்தாள். பின்னால் இரண்டு பேரும் கதவுவரை வந்து தோளோடு தோள் நின்றார்கள்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். "என்னம்மா? மூடி உட்கார்ந்துதா?"

"உட்காரலைம்மா. ரெண்டு மில்லி தூக்கிக்கிட்டிருக்கு."

"ஏன்?"

"மரம் ஈரம் இழுத்துக்கிச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. அது பொய். மரத்து மேல ஒரு குத்தமும் இல்லை."

கதவருகே யாரோ மூச்சை இழுத்தார்கள். அண்ணி திரும்பவில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு என்ன, பதினாறு என்ன, தான் விழுங்கிய வார்த்தை எது என்று சொன்னாள். மேதாவியைச் சொன்னாள், சல்லடையைச் சொன்னாள், வக்கீலம்மா வந்து கிழிப்பார் என்று அண்ணன் சொன்னதைக்கூடச் சொன்னாள். தன் தப்பைத் தன் தப்பு என்றே சொன்னாள். நீலக் கோட்டைச் சொன்னாள், பத்தடியைச் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மெழுகவில்லை.

வக்கீலம்மா முழுக்கக் கேட்டார். முகத்தில் ஈரப்பசை ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுச் சண்டையை என் மேஜையிலயா வெட்டுவீங்க?" என்றார். "எனக்கு மேஜை வேணும். ரெண்டு நாள்ல மூடி சரியாயிடும்னே வெச்சுக்கறேன். பாலிஷ் யாரு போடறது?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்மா."

வக்கீலம்மா அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். "யாரு போடறது?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணனைப் பார்த்தாள். "அது வந்து..." என்றான் அவன். "இவ..." என்று இழுத்தாள் அவள். பிறகு இருவரும் சேர்ந்து, பழக்கதோஷத்தில், நடுவில் நிற்கிறவளைத் தேடினார்கள்.

அண்ணி கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டிருந்தாள்.